ஒரே ஒரு திருகு: நாக்கும் காடியும் வைத்த தகரப் பெட்டி

தேவகோட்டை வாசகர் கேட்டது, ஜனவரி 6

போர்வெல் மோட்டாருக்கு டைமர் பெட்டி செய்து விற்கிறேன். உயரம் 200, அகலம் 150, ஆழம் 80 மில்லி. இப்போது 1 மில்லி சி.ஆர். (குளிர் நிலையில் உருட்டிய, பூச்சில்லாத இரும்பு) தகட்டில் ஸ்பாட் வெல்டிங் வைத்து வெளியூரில் செய்து வாங்குகிறேன். பாதிப் பெட்டி கோணலாக வருகிறது. வண்டி வாடகை வேறு, லாரியில் காற்றைத்தான் ஏற்றி வருகிறோம். அதனால் ஆறு பக்கத்தையும் தனித்தனித் தகடாக லேசரில் வெட்டி, ஓரமெல்லாம் நாக்கும் (நீட்டி நிற்கும் துண்டு) காடியும் (அது நுழையும் வெட்டு) வைத்து, திருகே இல்லாமல் கையால் மாட்டுவது போல வரைந்தேன். மாதிரி பவுடர் கோட்டிங் (தூளைத் தெளித்துச் சூட்டில் உருக்கும் பெயின்ட்) போட்டு வந்துவிட்டது. மூன்று பக்கம் சிக்கென்று மாட்டுகிறது, நாலாவது ஏறவே இல்லை. காடியில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

ஜனவரி 6, இரவு

இடைவெளிக்கு அப்புறம் வரலாம். உங்கள் படத்தில் ஓரத்துக்கு மூன்று நாக்கு, பன்னிரண்டு ஓரம், ஆக 36 நாக்கு. முப்பத்தாறும் சிக்கென்று உட்கார வேண்டும் என்று வரைந்திருக்கிறீர்கள். முதல் மூன்று தகட்டை மாட்டும்போது ஒவ்வொன்றும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். நாலாவது வரும்போது அசைய இடமில்லை. காடியை அகலமாக்கினால் ஏறும், ஆனால் பெட்டி லொடலொடவென்று ஆடும். ஆட்டத்தை நிறுத்த நாக்கை மடக்கி அடிப்பீர்கள், பெட்டி மறுபடி கோணிக்கொள்ளும்.

நாக்குக்கு இரண்டு வேலை உண்டு. தகடு எங்கே உட்கார வேண்டும் என்று இடம் காட்டுவது ஒன்று. உட்கார்ந்தது கழன்று வராமல் பிடிப்பது இன்னொன்று. ஒரே நாக்கிடம் இரண்டையும் கேட்டால் இரண்டையும் அரைகுறையாகச் செய்யும். ஒவ்வொரு நாக்குக்கும் பக்கத்தில் அது எந்த வேலைக்கு என்று படத்திலேயே எழுதிவிடுங்கள். எழுத முடியாத நாக்கு தேவையில்லாத நாக்கு, அதை அழித்துவிடலாம்.

ஒரு ஓரத்தில் இடம் காட்ட ஒரே ஒரு நாக்கு நீளவாக்கில் இறுக்கமாக இருந்தால் போதும். இரண்டாவது நாக்கு தகடு திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ள மட்டும். அதன் காடியை நாக்கைவிட 1 மில்லி நீளமாக வையுங்கள். மூன்றாவது வேண்டாம்.

ஜனவரி 7, காலை

நேற்று சொல்ல விட்டுப்போனது. ஆறு தனித் தகடு எதற்கு? மடிக்க முடிகிற ஓரத்தை ஏன் வெட்டிவிட்டு மாட்ட வேண்டும்? இரண்டு ‘ப’ வடிவம் போதும். முதுகு, மேல், கீழ் மூன்றும் ஒரே தகட்டில் மடித்தது ஒன்று. முகப்பு, இடது, வலது மூன்றும் மடித்தது இன்னொன்று. பன்னிரண்டு ஓரத்தில் நாலு மடிப்பாகிவிடும், மாட்ட வேண்டியது எட்டுதான். அதிலும் பாதி, தகடு மேல் தகடு படிந்து நின்றால் போதும் என்கிற ஓரம்.

‘ப’ வடிவத் தகடு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கவும் அடுக்கும், லாரியில் காற்று ஏற்ற வேண்டியதில்லை.

ஜனவரி 7, மாலை

இப்போது இடைவெளி. பவுடர் கோட்டிங் போடுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள், கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. மாதிரி ஏறாததற்குப் பெரிய காரணம் இதுவாகவே இருக்கும்.

பவுடர் ஒரு பக்கத்துக்கு 60 முதல் 80 மைக்ரான் வரை ஏறும். நாக்குக்கு முன்னும் பின்னும் இரண்டு அடுக்கு. காடியின் உள் சுவர் இரண்டிலும் இரண்டு அடுக்கு. ஆக நாலு அடுக்கு. 70 மைக்ரான் என்று வைத்தால் 0.28 மில்லி. வெட்டி வந்ததும் கலகலவென்று நுழைகிற நாக்கு பெயின்ட் கடையிலிருந்து திரும்பியதும் நுழைய மறுப்பது இதனால்தான். குறுகலான காடியின் உள்ளே பவுடர் சரியாக இறங்காது என்பதும் உண்மை. ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது, ஒரு பெட்டியில் இறங்கும், இன்னொன்றில் இறங்காது.

1 மில்லி தகடு, நாலு அடுக்கு பவுடர், வெட்டில் வரும் சின்ன ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்த்தால் காடியின் அகலம் 1.4 முதல் 1.5 வரை. பவுடர் போடாத, துத்தநாகம் பூசிய ஜி.பி. தகடானால் 1.2 போதும். 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 120 கிராம்) துத்தநாகப் பூச்சு என்பது இரண்டு பக்கமும் சேர்ந்த கணக்கு, ஒரு பக்கத்துக்கு 8 மைக்ரான் சுமார்தான் வரும். அந்தத் தடிப்பு தகட்டின் அளவிலேயே அடங்கிவிடும்.

தகட்டை வெர்னியரில் அளந்துவிட்டு வரையுங்கள். எனக்கு ஒரு கடையில் 1 மில்லி என்று கொடுத்தது 0.9-க்குப் பக்கத்தில் இருந்தது. பில்லில் 1 மில்லிதான். காடி எல்லாம் தளர்ந்துபோய் அந்தச் சரக்கு முழுக்க ஆடியது. அதிலிருந்து பில்லைப் பார்ப்பதே இல்லை, நாலு மூலையிலும் அளந்துதான் இறக்குகிறேன். கேஜ் கணக்கில் வாங்குகிறவர்களுக்கு: எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கேஜ் அளவில் 18 கேஜ் 1.22 மில்லி, 20 கேஜ் 0.91, 22 கேஜ் 0.71. “20 கேஜ், ஒரு மில்லிதானே” என்று பேச்சுவாக்கில் சொல்வார்கள். நாக்கும் காடியும் வைக்கும் வேலையில் அந்தப் பேச்சு உதவாது.

ஜனவரி 9

கோட்டையூரிலிருந்து ஒருவர் மடிப்புக் கணக்கு கேட்டிருக்கிறார். உங்கள் பெட்டியையே எடுத்துக்கொள்கிறேன்.

தகடு 1 மில்லி, உள் வளைவின் ஆரம் 1 மில்லி, கே ஃபேக்டர் 0.44 (மடிக்கும்போது நீளாமலும் சுருங்காமலும் நிற்கும் கோடு, உள்பக்கத்திலிருந்து தடிப்பில் எத்தனை பங்கு தள்ளி இருக்கிறது என்கிற எண்). தொண்ணூறு டிகிரி மடிப்பில் வளைவு விழுங்கும் நீளம், 1.571-ஐ (பை-யில் பாதி) 1.44-ஆல் (ஆரம் 1, அதோடு 0.44) பெருக்க 2.26 மில்லி. வெளி அளவில் மூலை வரை இரு பக்கமும் எண்ணினால் நாலு மில்லி வரும். வித்தியாசம் 1.74. மடிப்புக்கு 1.74 கழிக்க வேண்டும் என்று அர்த்தம். முதுகுத் தகடு 80, 200, 80, கூட்டினால் 360. இரண்டு மடிப்புக்கு 3.48 கழித்தால் வெட்டு நீளம் 356.52.

சரி, கணக்கு இப்படி. பிரஸ் பிரேக்கில் (தகட்டை அச்சில் அழுத்தி மடிக்கும் மெஷின்) அந்த ஆரம் அப்படியே வருமா என்றால், வராது. மைல்டு ஸ்டீலில் உள் ஆரத்தைத் தீர்மானிப்பது கீழே இருக்கும் ‘வி’ அச்சின் வாய், ஆரம் அதில் சுமார் ஆறில் ஒரு பங்கு. தடிப்பைப் போல எட்டு மடங்கு வாய் வைப்பது வழக்கம், 8 மில்லி வாய்க்கு ஆரம் 1.3 வரும். அதே கே ஃபேக்டரில் கழிவு 1.87 ஆகிவிடும். மடிப்புக்கு 0.13 வித்தியாசம். ஒரு மடிப்பில் ஒன்றும் தெரியாது. நாலு மடிப்பைத் தாண்டிப் போய் ஒரு நாக்கு காடியைத் தேடினால் நன்றாகவே தெரியும்.

அதனால் பட்டறையில் கேட்டு வாங்க வேண்டியது ஒரு துண்டு. அதே தகட்டில் சரியாக 100 மில்லி நீளப் பட்டை, நடுவில் ஒரு மடிப்பு. இரண்டு காலின் வெளி அளவையும் அளந்து கூட்டி 100-ஐக் கழித்தால் அந்த மெஷினின் கழிவு கையில் வந்துவிடும். கே ஃபேக்டர் என்று வாயைத் திறக்கவே வேண்டாம். ஃபிரீகேட் என்ற வரைபட மென்பொருளில், ஷீட்மெட்டல் பகுதியில் வரைகிறவர்கள் அந்த எண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஜனவரி 9, சாப்பாட்டுக்குப் பிறகு

மேலே எழுதியதில் முக்கியமானது நடுவில் புதைந்துவிட்டது. ஒரே தட்டையான பரப்பில் வெட்டிய இரண்டு காடிகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை லேசர் தப்பாமல் கொடுக்கும். மடிப்பைத் தாண்டி அளந்த தூரத்தை யாராலும் அப்படிக் கொடுக்க முடியாது. இடம் காட்டும் நாக்கும் அது தேடும் விளிம்பும் மடிப்புக்கு இந்தப் பக்கமே இருக்கட்டும். மடிப்பைத் தாண்டி வருவதெல்லாம் தளர்வாக, நீளக் காடியோடு.

கூடவே சின்ன விஷயங்கள். 8 மில்லி வாய்க்கு 6 மில்லிக்குக் குறைந்த காதை (மடிந்து நிற்கும் ஓரத்தை) மடிக்க முடியாது, அச்சுக்குள் விழுந்துவிடும். மடிப்பு முடிகிற மூலையில் தகடு கிழியாமல் இருக்க ஒரு வெட்டு வேண்டும், அகலம் தகட்டின் தடிப்பு, ஆழம் ஆரமும் தடிப்பும் சேர்ந்த அளவு. ஸ்டெயின்லெஸ் தகடு மடித்த பிறகு மைல்டு ஸ்டீலைவிட அதிகமாக விரிந்துகொள்ளும், மேலே சொன்ன எண்களை அதற்கு அப்படியே எடுத்துவிடாதீர்கள்.

ஜனவரி 12

பள்ளத்தூர் அண்ணன் ஒருவர் எழுதுகிறார்: “நம்ம ஊர் டிரங்குப் பெட்டியில நாக்கும் இல்ல, காடியும் இல்ல. நூறு வருஷம் நிக்குது. இதுக்கு ஏன் இவ்வளவு கணக்கு?”

நியாயமான கேள்வி. நேற்று அதற்காகவே காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய், பழைய பொருள் கடையில் ஒரு டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வந்தேன். கடைக்காரரும் கூட உட்கார்ந்து டார்ச் பிடித்தார்.

அடித்தகடு பக்கத் தகட்டோடு சேருகிற இடத்தில் இரண்டின் விளிம்பையும் கொக்கி போல மடித்து, ஒன்றுக்குள் ஒன்றை மாட்டி, மரச்சுத்தியால் தட்டிப் படிய வைத்திருக்கிறார்கள். துரு உதிர்ந்த ஒரு மூலையில் மடிப்பின் குறுக்குவெட்டு நன்றாகத் தெரிந்தது, நாலு அடுக்கு. இந்த மாதிரி மடிப்பு மூட்டுக்கு மூட்டின் அகலத்தைப் போல மூன்று மடங்கு தகடு கூடுதலாக வேண்டும். மேல் வாய் விளிம்பில் ஒரு கம்பியை வைத்து அதன்மேல் தகட்டைச் சுருட்டியிருக்கிறார்கள். அதற்குக் கம்பியின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு தகடு போகும். மெல்லிய தகடு வளையாமல் நிற்பது அந்தக் கம்பியால்தான், கையை அறுக்காமல் இருப்பதும் அதனால்தான். மூலைகளில் மூலைத் தகடு, ரிவெட். நாதாங்கி மட்டும் கனமான இரும்பு.

அண்ணனுக்குப் பதில் இதுதான். அந்தப் பெட்டியில் மூட்டு பிடிக்கிற வேலையை மட்டும் செய்கிறது. இடம் காட்டுகிற வேலையைச் செய்தது தகர வேலைக்காரரின் கை. அவர் அந்தப் பெட்டியின் வாயை அளந்து அந்தப் பெட்டிக்கே மூடி செய்தார். அதே கடையில் பக்கத்தில் இருந்த, பார்க்க ஒரே அளவாகத் தெரிந்த இன்னொரு பெட்டியின் மூடியை மாற்றிப் போட்டுப் பார்த்தோம். உட்காரவில்லை. உட்கார வேண்டிய தேவையும் அன்று இருக்கவில்லை. தேவகோட்டைக்காரருக்கு எந்த முகப்பும் எந்த முதுகிலும் உட்கார வேண்டும், மாட்டுகிறவர் கையில் சுத்தி இருக்காது. கையிலிருந்த அளவைத் தகட்டுக்குள் கொண்டுவருவதற்குத்தான் இவ்வளவு கணக்கும்.

அந்தக் கம்பிச் சுருட்டலை நாம் மறந்துவிட்டோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இன்றைக்கு லேசரில் வெட்டிய விளிம்பை அப்படியே விட்டுவிட்டு, திறக்கிறவர் விரலை அறுத்துக்கொள்கிறார். கம்பி வைக்க முடியாவிட்டாலும் கை படும் விளிம்பை உள்பக்கம் தட்டையாக மடித்துவிடலாம். ஒரு மடிப்புதான் கூடுதல்.

ஜனவரி 16

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது பரணிலிருந்து மர அஞ்சறைப்பெட்டி கீழே வந்தது. உள்ளே குறுக்குப் பலகைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒன்றின் மேல்பாதியிலும் இன்னொன்றின் கீழ்பாதியிலும் காடி. மேலிருந்து இறக்கினால் உட்கார்ந்துவிடுகிறது. பசையும் இல்லை ஆணியும் இல்லை. பெட்டியின் சுவரே நாலு பக்கமும் பிடித்துக்கொள்கிறது.

தகட்டில் தடுப்பு வைக்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். டைமர் பெட்டியில் மின்சாரப் பக்கத்தையும் சர்க்யூட் பலகையையும் பிரிக்க ஒரு தடுப்பு வேண்டும் அல்லவா? ஒன்று கவனிக்க வேண்டும். காடியின் ஆழத்தைச் சரிபாதியாக வைக்காமல் அரை மில்லி கூடுதலாக வெட்டுங்கள். லேசர் காடியின் உள் மூலையில் சின்ன வளைவு விடும். சரிபாதி வெட்டினால் இரண்டு வளைவும் இடித்துக்கொண்டு தடுப்பு மேலே தூக்கி நிற்கும்.

ஜனவரி 18

தேவகோட்டைக்காரர் புதிய படம் அனுப்பியிருக்கிறார். இரண்டு ‘ப’ வடிவம் சரி. முகப்புத் தகட்டைக் கழன்று வராமல் பிடிக்க, பக்கத்துக்கு இரண்டு ‘கிளிக்’ நாக்கு வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் டப்பா மூடியில் வருவது போல வளைந்து, உள்ளே போய், நிமிர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். நீளம் 20 மில்லி, வளைய வேண்டியது 1 மில்லி.

இது நடக்காது. தகட்டில் வெட்டிய நாக்கு வளைந்து திரும்ப நிமிர வேண்டுமானால் அதன் மேற்பரப்பு நீட்சி ஓர் அளவைத் தாண்டக்கூடாது. மைல்டு ஸ்டீலின் ஈல்டு, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம், 250 மெகாபாஸ்கல் என்று வைத்தால் அந்த அளவு 0.125 சதவீதம். நாக்கில் வரும் நீட்சிக்குக் கணக்கு: தடிப்பையும் வளைவையும் பெருக்கி மூன்றால் பெருக்குங்கள், அதை நீளத்தின் வர்க்கத்தைப் போல இரண்டு மடங்கால் வகுங்கள். 20 மில்லி நாக்குக்கு 0.375 சதவீதம் வருகிறது, அளவைப் போல மூன்று மடங்கு. முதல் தடவை மாட்டும்போதே நிரந்தரமாக வளைந்துவிடும், இரண்டாம் தடவை பிடிக்காது. 35 மில்லி நீளம் இருந்தால்தான் விளிம்பில் தப்பிக்கும், 40 வைத்தால் நிம்மதி. 80 மில்லி ஆழப் பெட்டியில் 40 மில்லி நாக்குக்கு இடம் கொடுத்தால் பக்கச் சுவரில் பாதி போய்விடுகிறது.

ஸ்டெயின்லெஸ் போட்டால் சரியாகுமா என்று கேட்பீர்கள். மென்மையாக்கிய 304 ரக ஸ்டெயின்லெஸின் ஈல்டு குறைந்தபட்சம் 205 என்றுதான் தரக்கணக்கு. பளபளப்பைப் பார்த்து அதை ஸ்பிரிங் என்று நினைத்துவிடக்கூடாது.

ஜனவரி 19

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு முறுக்கு நாக்கு பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். காடிக்கு வெளியே நீட்டும் நாக்கைக் குறடால் பிடித்து 45 டிகிரி முறுக்கிவிடுவது. ஜெர்மனியின் நூரம்பெர்க் 19-ஆம் நூற்றாண்டில் தகரப் பொம்மைக்குப் பேர் போனது. பழைய தகரப் பொம்மைகளைத் திருப்பிப் பார்த்தால் அடியில் இப்படித்தான் நாக்கை மடக்கிவிட்டிருப்பார்கள். நல்ல முறை, செலவே இல்லை. ஆனால் ஒரு தடவை மாட்டி அப்படியே விடும் பொருளுக்குத்தான். இரண்டு மூன்று தடவை முறுக்கி நிமிர்த்தினால் கழுத்தில் வெடிப்பு விடும். மோட்டார் டைமரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது திறக்க வேண்டியிருக்கும். அலுமினியத்தில் 5052 ரகம் ஓரளவு வளைந்து கொடுக்கும், 6061 டி6 கடினத்தில் சட்டென்று வெடித்துவிடும்.

முதுகுத் தகட்டில் உள் தாங்கியை மாட்ட முறுக்கு நாக்கு தாராளமாக வையுங்கள். அதை யாரும் கழற்றப்போவதில்லை.

ஜனவரி 23

முகப்பைப் பிடிக்க நான் சொல்வது கொக்கியும் இறக்கமும். இடது, வலது சுவரின் பின் ஓரத்தில் பக்கத்துக்கு இரண்டு கொக்கி, வாய் கீழ்நோக்கி. முதுகுத் தகட்டில் அவற்றுக்குக் காடி. முகப்பை நேராகத் தள்ளி, 6 மில்லி கீழே இறக்கினால் கொக்கி முதுகைக் கவ்விக்கொள்ளும். முகப்பின் சொந்த எடையே அதைக் கீழே உட்கார வைக்கும். மேல் கொக்கி இரண்டும் இடம் காட்டுவது, கீழ்க் கொக்கி இரண்டும் தளர்வு.

கொக்கியின் வாய் அளவிலும் அதே நாலு அடுக்கு பவுடர் கணக்கு வரும், வாயை 1.4 வையுங்கள். வாயின் நுனியைக் கொஞ்சம் சரிவாக வெட்டினால் கை தானாகவே தேடிப் பிடிக்கும்.

அப்புறம், திருகே வேண்டாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் வையுங்கள், கீழ்த் தகட்டில். அந்தத் திருகு எதையும் இறுக்க வேண்டியதில்லை, முகப்பு மேலே நகராமல் தடுத்தால் போதும். மின்சாரம் ஓடும் பெட்டியின் மூடி கருவி இல்லாமல் திறக்கக்கூடாது. தோட்டத்தில் பம்ப்செட் அறைக்குள் பிள்ளைகள் விளையாடுகிற ஊர் இது. வெறும் கையால் தூக்கிக் கழற்றும் மூடியை அங்கே மாட்டுவதை நான் ஒருநாளும் சரி என்று சொல்ல மாட்டேன்.

1 மில்லி தகட்டில் நேராக மரை போடாதீர்கள். எம்4 திருகின் மரை 0.7 மில்லிக்கு ஒன்று, ஒன்றரை மரைகூடப் பிடிக்காது. ரிவெட் நட் (துளையில் ரிவெட் போல இறுகும், உள்ளே மரை உள்ள நட்) போடுங்கள்.

ஜனவரி 24

கண்டனூர்க்காரர் சரியான இடத்தைப் பிடித்தார். கொக்கி முதுகுக்குப் பின்னால் 3, 4 மில்லி நீட்டிக்கொண்டு நிற்கும், பெட்டி சுவரில் ஒட்டாது. ஆமாம், அதைப் படத்தில் சேர்க்க வேண்டும். மாட்டும் துளை நாலிலும் பின்பக்கம் 6 மில்லி உயர ஸ்பேசர். இதில் லாபமும் உண்டு. மழைக்காலத்தில் பம்ப்செட் அறைச் சுவர் ஈரம் ஊறி நிற்கும். சுவரை ஒட்டிய முதுகில்தான் துரு முதலில் கிளம்புகிறது. நடுவில் காற்றோட்டம் இருந்தால் அது தள்ளிப்போகும்.

ஜனவரி 26

எர்த். இதைத் தனியாக எழுத வேண்டும் என்று இருந்தேன்.

வெல்டிங் செய்த பெட்டி முழுக்க ஒரே இரும்பு, ஓரிடத்தில் எர்த் கொடுத்தால் எல்லாப் பக்கத்துக்கும் போகும். நாக்கும் காடியும் வைத்த பெட்டியில் தகடும் தகடும் பவுடர் கோட்டிங் வழியாகத்தான் தொடுகின்றன. பவுடர் மின்சாரத்தைக் கடத்தாது. முதுகில் எர்த் இருக்கும், முகப்பில் இருக்காது. உள்ளே ஒரு வயர் கழன்று முகப்பில் பட்டால் தொடுகிறவர் கதி?

முதுகிலும் முகப்பிலும் தனித்தனி எர்த் ஸ்டட் (வயர் மாட்டும் மரைக் கம்பி), இரண்டையும் இணைக்க பச்சை மஞ்சள் வயர். ஸ்டட்டைச் சுற்றி கோட்டிங் ஏறாமல் மறைத்துவிட்டுப் பெயின்டுக்கு அனுப்புங்கள், பல் வாஷர் போடுங்கள். கீழ்த் திருகு கோட்டிங்கைக் கிழித்துத் தொடும், அது போதும் என்று சிலர் சொல்வார்கள். திருகைத் தொலைத்துவிட்டு அப்படியே ஓட்டுகிறவர்களை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கலாம். வயர்தான் வேண்டும்.

பிப்ரவரி 1

எறும்பு உள்ளே போகாதா என்று கேட்டவருக்கு: போகும். பல்லியும் போகப் பார்க்கும். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பல்லி எரிந்து ஒட்டியிருப்பதைப் பார்க்காத எலக்ட்ரீஷியன் நம் பக்கம் இருக்க மாட்டார். பெட்டிக்குள் எது நுழையாது என்று சொல்லும் ஐ.பி. எண்ணில் முதல் இலக்கம் 4 என்றால் 1 மில்லி கம்பி நுழையக்கூடாது, 3 என்றால் 2.5 மில்லி. நாக்கு நிறைந்திருக்கும் காடியில் மிச்சம் அரை மில்லிக்கும் குறைவு, கவலையில்லை. கொக்கி இறங்கிய பிறகு மேலே காலியாக நிற்கும் 6 மில்லிதான் ஆபத்து. மேல் கொக்கிக்கு மேலே, அதே சுவரில், 7 மில்லி அகலத்தில் தட்டையான ஒரு நாக்கை நீட்டிவிட்டால் இறங்கும்போது அந்தத் திறப்பையும் அது மூடிக்கொள்ளும் என்று முதலில் நினைத்தேன். வரைந்து பார்த்தால் அது நுழையவே இன்னொரு திறப்பு வேண்டியிருக்கிறது. உள்பக்கம் ஒரு துண்டு ஃபோம் பட்டை ஒட்டுவதே நல்லது.

மழை நேராகப் படும் இடத்துக்கு இந்தப் பெட்டி வேண்டாம். அறைக்குள் மட்டும்.

பிப்ரவரி 3

துரு பற்றிய கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். காரைக்குடியில் இருந்துகொண்டு துருவைப் பற்றிப் பேசாமல் முடியுமா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாம் செக்ரி என்று சொல்வது, உலோக அரிப்பைப் பற்றியும் இத்தனை காலமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

ஜி.பி. தகட்டை வெட்டினால் விளிம்பில் வெறும் இரும்பு தெரியும். ஆனாலும் 1 மில்லி விளிம்பு உடனே துருப்பிடிப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். தகடு தடிப்பாக ஆக அந்தப் பாதுகாப்பு விளிம்பின் நடுவுக்கு எட்டாது. சி.ஆர். தகட்டில் அப்படி ஒன்றும் இல்லை, கோட்டிங்தான் எல்லாம். கூர்மையான விளிம்பில் பவுடர் உருகும்போது விலகிப்போய் மெல்லிசாகவே நிற்கும். ஆகவே வெட்டு விளிம்பின் பிசிறையும் கூர்மையையும் எடுத்துவிட்டுத்தான் பெயின்டுக்கு அனுப்ப வேண்டும்.

இன்னொன்று லேசர் கடையில் கேட்க வேண்டியது. ஆக்சிஜன் வைத்து வெட்டினால் விளிம்பில் ஆக்சைடு படலம் நிற்கும், பெயின்ட் அதன்மேல் ஏறிப் பிறகு படலத்தோடு உரிந்து வரும். நைட்ரஜனில் வெட்டினால் விளிம்பு வெள்ளையாக வரும். காசு கொஞ்சம் கூட. நாக்கும் காடியும் முழுக்க விளிம்பாலான வேலை, இங்கே அந்தக் காசைப் பார்க்கக்கூடாது.

பிப்ரவரி 8

மாதிரி வெட்டுவதற்கு முன் அட்டையில் செய்து பார்த்தீர்களா? பைண்டிங் கடையில் 1 மில்லி அட்டை கிடைக்கும், அளவும் தடிப்பும் ஒத்துப்போகும். அட்டையில் இறுக்கம் தெரியாது, ஆனால் எந்த வரிசையில் மாட்ட வேண்டும், கை எங்கே இடிக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

நான் எங்கள் பட்டறையில் பேக்கிங் பார்க்கும் அக்காவிடம் அட்டைப் பெட்டியைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றேன். முதுகை மடியில் வைத்துக்கொண்டார், முகப்பைத் தலைகீழாகப் பிடித்தார், அது பாட்டுக்குக் காடியில் நுழைந்துவிட்டது. இறக்கும் திசை மாறிவிட்டதால் கவ்வவில்லை. அவர் விடாமல் அழுத்தினார், அட்டை கிழிந்தது. அவரிடம் ஒரு குறையும் இல்லை. தலைகீழாக நுழைய விட்டது படம்தான்.

மேல் கொக்கியை 20 மில்லி அகலமும் கீழ்க் கொக்கியை 14 மில்லியும் ஆக்கினேன், காடியும் அதற்கு ஏற்ப. தலைகீழாகப் பிடித்தால் 20 மில்லி கொக்கி சின்னக் காடியில் நுழையாது. இரண்டாவது அட்டையில் அவர் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத் தானாகவே சரியாக மாட்டினார். ஒட்டுச் சீட்டில் அம்புக்குறி போடுவதெல்லாம் இதற்கு ஈடாகாது.

இடது வலது சுவர் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருப்பதால் குழப்பமில்லை, ஒரே தகட்டில் மடித்தவைதான். தனித் தாங்கி வைக்கிறவர்கள் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே துண்டு பொருந்துமாறு வரையுங்கள்.

பிப்ரவரி 15

தேவகோட்டையிலிருந்து படமும் கோட்டிங் போட்ட மாதிரியும் வந்தன. 36 நாக்கு இருந்த இடத்தில் நாலு கொக்கி, இரண்டு முறுக்கு நாக்கு, ஒரு திருகு. மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், முகப்பு முதுகுக்கு நேராக நிற்கிறது. இரண்டு பெட்டியின் முகப்பை மாற்றிப் போட்டேன், அதுவும் உட்கார்ந்தது. இடது மேல் கொக்கி மட்டும் இறங்கும்போது கோட்டிங்கைச் சுரண்டுகிறது. படத்தில் அதன் வாய் 1.3 என்று இருக்கிறது, 1.4 ஆக்குங்கள். முகப்புக்கு எர்த் ஸ்டட் படத்தில் இருக்கிறது, மாதிரியில் இல்லை. அதைப் போட்ட பிறகுதான் மொத்தச் சரக்குக்குச் சொல்ல வேண்டும்.